இடுப்பு வலி என்றால் எங்கே வலி?

நீண்ட நேரம் உட்கார முடியாதவர்கள் நின்றுகொண்டே கேட்கலாம். முட்டி வலி உள்ளவர்கள் காலை நீட்டிக்கொள்ளுங்கள், யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் மருத்துவர் இல்லை. எலும்பு, மூட்டு, தசை பற்றிய ஆங்கிலக் கையேடுகளைத் தமிழில் எழுதித் தருவது என் வேலை. அதனால் நோயாளி ஒன்று சொல்ல, மருத்துவருக்கு வேறொன்று போய்ச் சேருவது எப்படி என்று எனக்கு நன்றாகத் தெரியும். அந்தத் தவற்றை நானே செய்திருக்கிறேன்.

அப்போது நான் பல்கலைக்கழகத்தில் மொழிகள் படித்துக்கொண்டிருந்தேன். என் பாட்டிக்கு வயது 74. பலதுறை மருந்தகத்தில் பரிந்துரைக் கடிதம் கொடுத்து மருத்துவமனையின் எலும்பு மருத்துவப் பிரிவுக்கு அனுப்பியிருந்தார்கள். துணைக்கு நான் போனேன். “எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள்” என்றார் மருத்துவர். பாட்டி, “இடுப்புலதான்மா” என்றார். எங்கள் வீட்டில் இடுப்பு வலி என்றால் முதுகின் அடிப்பகுதி. நானும் ஆங்கிலத்தில் அப்படியே சொன்னேன். முதுகைப் பரிசோதித்தார்கள், முதுகுக்கான பயிற்சிகளைக் கொடுத்தார்கள். மூன்று மாதம் பாட்டி சலிக்காமல் செய்தார். வலி குறையவில்லை.

கடைசியில் இயன்முறை சிகிச்சையாளர்தான் கண்டுபிடித்தார். “ஒரே ஒரு விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள்” என்றார். பாட்டி கொஞ்சம் கூச்சப்பட்டார். திரையை இழுத்து மூடிய பிறகு, தொடை தொடங்கும் இடுக்கில் விரலை வைத்தார். “கால் நகத்தை நீங்களே வெட்டிக்கொள்வீர்களா?” என்று அடுத்த கேள்வி. ஒரு வருடமாக அத்தைதான் வெட்டிவிடுகிறாராம். அது எங்கள் யாருக்கும் தெரியாது. மறுபடி எக்ஸ்ரே எடுத்தபோது, தேய்ந்திருந்தது தொடையெலும்பு இடுப்போடு சேரும் மூட்டு.

தமிழில் முதுகின் அடியும் இடுப்பு, பக்கவாட்டும் இடுப்பு, அந்த மூட்டும் இடுப்பு. இடுப்பு மூட்டில் கோளாறு இருந்தால் வலி பெரும்பாலும் தொடை இடுக்கில்தான் தெரியும். சிலருக்கு முட்டி வரை இறங்கும். முதுகெலும்பில் நரம்பு அழுத்தப்பட்டால் பிட்டத்திலிருந்து முட்டிக்குக் கீழே வரை இழுக்கும், கால் மரத்துப்போகும். இரண்டுக்கும் சிகிச்சை வேறு. ஆகவே அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது இடத்தின் பெயரைச் சொல்வதோடு நிறுத்தாமல், விரலால் தொட்டுக் காட்டுங்கள். “கால் வலி” என்று சொன்னாலும் அப்படித்தான். நமக்குத் தொடையிலிருந்து பாதம் வரை எல்லாமே கால்.

வலி எப்படி இருக்கிறது என்பதை உங்கள் சொல்லிலேயே சொல்லுங்கள். குடைகிறதா, கடுக்கிறதா, சுள்ளென்று குத்துகிறதா, பிடித்து இழுக்கிறதா, மதமதவென்று இருக்கிறதா, எல்லாம் பயனுள்ள தகவல்தான். அதை ஆங்கிலமாக்குவது எங்கள் பாடு. அதைவிடப் பயனுள்ளது, எதைச் செய்ய முடியவில்லை என்று சொல்வது. பேருந்துப் படியில் இறங்க முடியவில்லை, கோயிலில் தரையில் உட்கார்ந்தால் எழ முடியவில்லை, ஈரச்சந்தைக்குப் போய்வரும் வழியில் இரண்டு இடத்தில் உட்கார வேண்டியிருக்கிறது. காலையில் எழுந்ததும் மூட்டு விறைப்பாக இருந்தால், எவ்வளவு நேரத்தில் சரியாகிறது என்று கவனித்துவையுங்கள். தேய்மானத்தில் பொதுவாக அரைமணி நேரத்துக்குள் இளகிவிடும். ஒரு மணிக்கும் மேல் நீடித்து, கைவிரல் மூட்டுகளும் வீங்கினால் அது வேறு வகை மூட்டழற்சியாக இருக்கலாம். அதைத் தள்ளிப்போடக் கூடாது.

மொழிபெயர்க்கும்போது என்னை அதிகம் படுத்தும் சொல் “எலும்புத் தேய்மானம்”. நாம் இரண்டு நோய்களுக்கு அந்த ஒரே பெயரை வைத்திருக்கிறோம். ஒன்று மூட்டுத் தேய்மானம். எலும்பு நுனிகளை மூடியிருக்கும் குருத்தெலும்பு தேய்ந்து, படியேறும்போது முட்டி வலிப்பது. மற்றது எலும்பு அடர்த்தி குறைந்து உள்ளே பொரபொரவென்று ஆவது. இதில் வலியே இருக்காது. லேசாக விழுந்து மணிக்கட்டோ இடுப்போ முறியும்போதுதான் தெரியவரும். “எனக்குத் தேய்மானத்துக்கு மருந்து கொடுத்திருக்கிறார்கள்” என்று சொல்பவரிடம் எந்தத் தேய்மானம் என்று நான் எப்போதும் கேட்பேன். பாதிப் பேருக்குத் தெரிவதில்லை. நீங்களும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மூட்டுத் தேய்மானத்துக்கு முதல் சிகிச்சை பயிற்சி. நாற்காலியில் அமர்ந்து காலை நேராக நீட்டி, சில விநாடி பிடித்து இறக்குவது போன்றவை. தொடைத் தசை வலுவானால் முட்டியின் சுமை குறையும். நடந்தால் இன்னும் தேய்ந்துவிடும் என்று படுத்தே இருப்பவர்களுக்குத் தசை வற்றி வலி கூடுகிறது. பயிற்சி, எடைக் குறைப்பு, மருந்து எதற்கும் கட்டுப்படாவிட்டால்தான் மூட்டு மாற்று அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேசுவார்கள். செயற்கை மூட்டு பெரும்பாலோருக்கு 15 ஆண்டுகளுக்கும் மேல் உழைக்கிறது. அதே நாளோ மறுநாளோ ஊன்றுசட்டத்தைப் பிடித்து நடக்கவைப்பார்கள். என் பாட்டி அதைக் கேட்டு, “கொடுமைக்காரங்க” என்றார். பிறகு நடந்தார்.

அடர்த்திக் குறைவைக் கண்டுபிடிக்க, மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஓர் எளிய கணக்கு இருக்கிறது. வயதிலிருந்து கிலோவில் உள்ள எடையைக் கழியுங்கள். வயது 75, எடை 50 கிலோ என்றால் 25. விடை 20க்கு மேல் வந்தால் ஆபத்து அதிகம். எலும்பு அடர்த்திப் பரிசோதனை வேண்டுமா என்று மருத்துவரைக் கேளுங்கள். அது வலிக்காது, படுத்திருந்தால் போதும். வாரம் ஒருமுறை சாப்பிடும் அலெண்ட்ரோனேட் மாத்திரை கொடுத்தால், வெறும் வயிற்றில் ஒரு முழுக் கோப்பைப் பச்சைத் தண்ணீருடன் விழுங்கி, அரைமணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். மாத்திரை உணவுக்குழாயில் தங்கினால் புண்ணாக்கும். காப்பியோடு சாப்பிட்டால் மருந்து உடலில் சேராது. காலைக் காப்பி இல்லாமல் அரைமணி நேரம் நம்மவர்களுக்குப் பெரிய தண்டனைதான், வாரத்தில் ஒரு நாள் பொறுத்துக்கொள்ளுங்கள். பல் பிடுங்கப் போனால் இந்த மாத்திரையைப் பற்றிப் பல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

தைலம் தேய்ப்பதை நான் குறைசொல்லமாட்டேன், என் வீட்டிலும் உண்டு. ஆனால் யாரோ வெளியூரிலிருந்து கொண்டுவந்தது, இணையத்தில் வாங்கியது, இரண்டே நாளில் வலி பறந்துவிட்டது என்கிற மாத்திரைகளை நம்பாதீர்கள். மூட்டு வலிக்கு விற்கப்பட்ட இத்தகைய பொருள்களில் டெக்சாமெத்தாசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருந்ததாகச் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை எச்சரித்திருக்கிறது. முகம் உப்பும், சர்க்கரை ஏறும். ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தால் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. மாத்திரையோடு மருத்துவரிடம் போங்கள், யாரும் திட்டமாட்டார்கள். மருந்தகத்தில் வாங்கும் வலி மாத்திரைகளிலும் சில சிறுநீரகத்தையும் வயிற்றையும் கெடுக்கும். இரத்த அழுத்தமோ நீரிழிவோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் கேட்காமல் சாப்பிடாதீர்கள்.

யாராவது விழுந்து, எழுந்து நிற்க முடியாமல், ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் இடுப்பு முறிந்திருக்கலாம். தூக்கி உட்காரவைக்காதீர்கள், குடிக்க எதுவும் கொடுக்காதீர்கள். 995 அழையுங்கள். அறுவை சிகிச்சை தாமதமாகத் தாமதமாகத்தான் நுரையீரல் தொற்றும் படுக்கைப் புண்ணும் வருகின்றன. வீட்டில் 65 வயதுக்கு மேற்பட்டவர் இருந்தால் கழிவறையில் கைப்பிடி பொருத்தவும் வழுக்காத தரை அமைக்கவும் வீவகவின் ஈஸ் திட்டத்தில் விண்ணப்பிக்கலாம். பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

நிபுணரைப் பார்க்கப் பலதுறை மருந்தகத்தின் பரிந்துரைக் கடிதத்தோடு போனால் சலுகைக் கட்டணம் கிடைக்கும். சந்திப்புக்கு நேரம் குறிக்கும்போதே தமிழ் பேசுபவர் வேண்டும் என்று சொல்லிவையுங்கள். பேரப்பிள்ளைகளை அழைத்துச் செல்லலாம்தான். ஆனால் அவர்களும் என்னைப் போல இடுப்பை முதுகாக்கிவிடக் கூடும், விரலை மறக்காதீர்கள்.

மாத்திரைகளைப் பையில் கொண்டுவந்திருப்பவர்கள் பின்மேசையில் இருக்கும் தாதியிடம் காட்டலாம். அடர்த்திக் கணக்குப் போட எடைபார்க்கும் கருவியும் அங்கேயே இருக்கிறது.