கடல் கொண்ட நிலமும் கண்டப் பெயர்ச்சியும்

 

கடல்கோள் தமிழ்க் கவிஞர்க்குப் பழகிய பொருள். பஃறுளியாற்றையும் குமரிக்கோட்டையும் கடல் கொண்ட செய்தியைச் சிலப்பதிகாரம் கூறுகிறது. தலைச்சங்கம் இருந்த மதுரையைக் கடல் கொண்டதென இறையனார் களவியலுரை உரைக்கிறது. இந்நினைவோடு இலெமூரியா என்ற பெயரும் கவியரங்குகளில் இணைந்தே ஒலிக்கிறது. அதைக் கேட்ட மாணவன் மறுநாள் புவியியல் வகுப்பில் வேறொன்றைப் படிக்கிறான். எது மெய் என அவன் வினவினால் விடை கூறும் கடமை கவிஞர்க்கும் உண்டு.

இலெமூரியா தமிழ் மரபு தந்த பெயரன்று. 1864-இல் பிலிப் ஸ்கிளேட்டர் என்னும் ஆங்கிலேய விலங்கியல் அறிஞர் சூட்டியது. மடகாஸ்கரில் வாழும் லெமூர்களின் உறவினமாகிய தேவாங்கு, இடையே பெருங்கடல் கிடக்க, தென்னிந்தியாவிலும் வாழ்வது எங்ஙனம்? இரு நிலங்களையும் இணைத்த கண்டமொன்று மூழ்கியிருக்க வேண்டும் என்று அவர் கருதினார். அக்காலத்துக்கு அது தக்க ஊகமே.

1912-இல் ஆல்பிரட் வெகனர், கண்டங்களே நகர்கின்றன என்றார். 1960-களின் கடல்தரை ஆய்வுகள் அதற்கு வலுவூட்டின. ஒட்டியிருந்த இந்தியாவும் மடகாஸ்கரும் ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தன. அன்று மனித இனமே தோன்றவில்லை. மேலும், கண்டப் பாறை கடல்தரைப் பாறையினும் அடர்த்தி குறைந்தது. ஆதலின் பெருங்கண்டம் ஒன்று அப்படியே அமிழ்ந்து மறைதல் இயலாது.

அங்ஙனமாயின் பழந்தமிழர் நினைவு பொய்யோ? அவ்வாறு தள்ளிவிட வேண்டுவதில்லை. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியூழிக் காலத்தில், உலகின் நீரில் ஒரு பகுதி பனிப்பாளங்களாக உறைந்திருந்தது. கடல்மட்டம் இன்றினும் 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. ஆழமற்ற பாக் நீரிணை அன்று தரை. இலங்கை இந்தியாவோடு ஒட்டிய நிலம். பனி உருக உருகக் கடல் ஏறிக் கரையோர நிலங்களை விழுங்கியது. அந்நினைவே இலக்கியத்தில் தங்கியதா என்பதை நிலவியல் உறுதிப்படுத்தவில்லை. ஆயினும் கடல் ஊரைக் கொள்ளும் என்பதற்கு 1964-இல் புயலில் அழிந்த தனுஷ்கோடியே சான்று.

ஆகவே, இலெமூரியாவை ஸ்கிளேட்டரிடமே திருப்பித் தந்துவிடலாம். குமரிக்கோடு கவிஞர்க்கே உரியது. அதைப் பாடுவதற்கு இரவல் கண்டம் எதுவும் தேவையில்லை. பாட்டைக் கேட்ட மாணவன் வகுப்பறையில் தலைகுனிய நேராதிருப்பதே தமிழுக்குப் பெருமை.

வாழ்க தமிழ்!