இரைச்சல் சொல்லும் செய்தி

வவுனியாவிலிருந்து மன்னாருக்குச் செல்லும் நெடுஞ்சாலையிலே அமைந்திருப்பது பூவரசங்குளம். அந்திப்பொழுதில் அங்கிருந்து டீசல் வேன் ஒன்று வவுனியாவை நோக்கிப் புறப்படுகிறது என்று கொள்க. சாரதி வானொலியைத் திறக்கிறார். செய்தி வாசிப்பவரின் குரலோடு, வண்டு ரீங்கரிப்பது போன்ற இரைச்சலும் சேர்ந்து வருகிறது. எஞ்சினின் வேகம் கூடினால் அதன் சுருதி ஏறுகிறது. வேகம் தணிந்தால் இறங்குகிறது. சாரதி வானொலிப் பெட்டியை வைதுவிட்டு, புதியதொன்று வாங்கிப் பூட்டுவதெனத் தீர்மானிக்கிறார். பணம் செலவாகும், இரைச்சலோ போகாது. ஏனெனில் குற்றம் பெட்டியில் இல்லை.

இத்தொல்லை வாகன வானொலியோடு உடன்பிறந்தது. 1930ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே போல் கல்வின் என்பவரின் நிறுவனம் 'மோட்டரோலா' என்னும் பெயரில் வாகன வானொலியை விற்கத் தொடங்கியபோது, எஞ்சினில் எழும் மின்தொல்லையை அடக்குவதே பெரும்பாடாயிருந்தது. பெற்றோல் எஞ்சினில் பிளக் ஒவ்வொன்றும் பொறி எழுப்புந்தோறும் வானலைகளைச் சிதறவிடுகிறது. அவற்றை அன்ரெனா பற்றிக்கொள்கிறது. மத்திய அலையில் அலையின் வீச்சமே ஒலியைச் சுமப்பதால், பொறியின் அதிர்ச்சியும் 'டிக் டிக்' என்னும் ஓசையாகிவிடுகிறது. பண்பலையில் மீடிறனின் மாற்றமே ஒலியைச் சுமக்கிறது. ஆதலால் அங்கே இத்தொல்லை குறைவு. டீசல் எஞ்சினிலோ பொறி எழுப்பும் பிளக்கே கிடையாது. ஆகவே பூவரசங்குளத்து வேனின் ரீங்காரத்துக்குக் காரணம் வேறு.

காரணத்தை அறிய மூன்று சோதனைகள் போதும். அவற்றுக்குக் காசும் வேண்டியதில்லை.

முதலாவது, எஞ்சினை நிறுத்திவிட்டு வானொலியை மட்டும் இயக்கிக் கேட்டல். இரைச்சல் அப்போதும் இருப்பின் எஞ்சினில் பழியில்லை. கைத்தொலைபேசிச் சார்ஜரையும், புதிதாய்ப் பூட்டிய எல்இடி விளக்குகளையும் ஒவ்வொன்றாய்க் கழற்றிப் பார்க்க வேண்டும். அவற்றினுள்ளே மின்சாரம் கணந்தோறும் பல்லாயிரம் முறை வெட்டப்படுவதால் அவையும் இரைச்சலை எழுப்ப வல்லவை.

இரண்டாவது, எஞ்சினை ஓடவிட்டு அன்ரெனா வயரைக் கழற்றுதல். இரைச்சல் நின்றால் அது அன்ரெனா வழியே வந்தது. நில்லாவிடின் மின்வயர் வழியே வந்ததென்று ஐயுறலாம்.

மூன்றாவது, ஒலியளவை அறவே குறைத்தல். அப்போதும் இரைச்சல் மாறாதிருப்பின், அது ஒலியளவுக் கட்டுப்பாட்டைக் கடந்த பின்னரே, அதாவது ஒலிபெருக்கும் பகுதியிலோ அதற்குச் செல்லும் வயரிலோ நுழைகிறது.

அடுத்துப் பார்க்கவேண்டியது புவித்தொடுப்பு. கராஜிலே இதனை 'ஏர்த்' என்பர். வானொலிப் பெட்டிக்கு ஓரிடத்திலும் தனிப் பெருக்கிக்கு வேறோரிடத்திலும் ஏர்த் கொடுத்தால், அவ்விரு இடங்களுக்கும் இடையே சிறிய மின்னழுத்த வேறுபாடு எழக்கூடும். அது ஒலிவயருக்குள் புகுந்து இரைச்சலாகிறது. பெயின்றையும் துருவையும் சுரண்டி, பளிச்சென்ற உலோகத்திலே இரண்டையும் ஒரே இடத்தில் இறுக்குவதே பரிகாரம். பற்றரியிலிருந்து வரும் வயரும் ஒலிவயரும் அருகருகே ஓடாமல், வண்டியின் இரு பக்கங்களாகப் பிரிந்து செல்லுதல் நன்று.

இவையனைத்தும் செய்தும் ரீங்காரம் ஓயவில்லையெனில், மின்பிறப்பாக்கியைச் சோதிக்க வேண்டும். வன்னியின் மூத்தோருக்கு இது விளங்காத செய்தியன்று. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், வானொலிக்கு வேண்டிய பற்றரியும் தடைப்பட்ட பொருள்களுள் ஒன்றாயிற்று. மக்கள் மிதிவண்டியைக் கவிழ்த்து நிறுத்தி, மிதியைக் கையாற் சுற்றி, டைனமோ தந்த மின்னிலே செய்தி கேட்டனர். டைனமோ தருவது ஆடலோட்டம். அதனைச் செவ்வனே சமன்செய்யாவிடின், சுற்றும் வேகத்துக்கேற்ப வானொலியில் இரைச்சல் ஏறி இறங்கும். வேனின் மின்பிறப்பாக்கியும் ஆடலோட்டத்தையே பிறப்பிக்கிறது. பெரும்பாலும் ஆறு இருவாயிகள் அதனை நேரோட்டமாக மாற்றுகின்றன. அவற்றுள் ஒன்று பழுதுபட்டாலும் மின்சாரம் அலைமோதும், வானொலி ரீங்கரிக்கும்.

மின்மானி ஒன்றிருந்தால் ஐயம் தீரும். எஞ்சின் ஓடும்போது பற்றரியின் இரு முனைகளிலும் பெரும்பாலும் 13.8 முதல் 14.4 வோல்ற்று வரை நேரோட்ட அழுத்தம் இருக்கும். மானியை ஆடலோட்டத்துக்கு மாற்றினால் 0.1 வோல்ற்றுக்கு உட்பட்டே காட்டவேண்டும். 0.5 வோல்ற்றை எட்டினால் இருவாயி பழுதென ஐயுறலாம்.

பழுதுபட்ட மின்பிறப்பாக்கி பற்றரியை முழுமையாக நிரப்பாது. பகலில் அது தெரியவராது. ஆனால் நள்ளிரவிலே, பிரசவ வேதனையில் துடிக்கும் பெண்ணை வவுனியா வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல அயலவர் வந்து கதவைத் தட்டும்போது, அந்த வேன் இயங்க மறுக்கக்கூடும். இரைச்சலை மறைக்கும் வடிகட்டியை வாங்கிப் பூட்டினால் செவிக்கு இதம் கிடைக்கும். பழுது உள்ளேயே கிடக்கும். ஆகவே வடிகட்டி இறுதியிலே நாடத்தக்கது. காரணத்தைத் தேடுவதே முதல் வேலை.

அந்தச் சாரதி புதுப்பெட்டி வாங்கும் எண்ணத்தைச் சற்றே ஒத்திவைத்து, வண்டியைக் கராஜுக்குக் கொண்டுசெல்வாராயின், பழுதுபட்ட இருவாயியை மாற்றுவதோடு வேலை முடிந்துவிடும். மறுநாள் மாலையிலே பழைய பெட்டியிலிருந்தே செய்தி வாசிப்பவரின் குரல் தனித்துத் தெளிவாக ஒலிக்கும்.