கூச்சமுள்ள பிள்ளைக்குத் துணை



மேடையேறிப் பாடியும் பேசியும் பரிசு பெறும் பிள்ளைகளை ஆண்டுதோறும் நாம் பாராட்டுகிறோம். வாய் திறவாத பிள்ளைகளையும் நினைத்தல் நம் கடமையாகும். வீட்டிலே தமிழ், தெருவிலே இந்தி, வகுப்பிலே ஆங்கிலமும் மராத்தியும் என வளரும் நம் பிள்ளைகளுள் சிலர், பிழையாகப் பேசினால் பிறர் நகைப்பரோ என்று அஞ்சி ஒதுங்குகின்றனர். தாராவியில் தமிழ்வழியில் பயின்று, மேல்வகுப்புக்கு வேற்றுமொழிப் பள்ளியிற் சேரும் பிள்ளையின் நிலை இன்னும் கடினம். அத்தகையோரை நாமே “ஊமை” என்றும் “அசடு” என்றும் அழைத்துவிடுகிறோம்.

இந்நகரம் கண்ட கூச்சக்காரர் ஒருவரை நினைவூட்ட விரும்புகிறோம். ராஜ்கோட்டில் பயின்ற நாளில், எவரேனும் கேலி செய்வரோ என்று பள்ளி விட்டதும் வீட்டுக்கு ஓடிவிடுவார் அவர். 1891இல் பாரிஸ்டராகத் திரும்பியபின், பம்பாய் ஸ்மால் காஸ் கோர்ட்டில் முதல் வழக்குக்கு எழுந்தபோது தலை சுழன்றது, நா எழவில்லை. கட்டணமாகிய 30 ரூபாயைத் திரும்பப் பெற்று வேறு வக்கீலை அமர்த்திக்கொள்ளுமாறு கூறி வெளியேறினார். அவரே காந்தியடிகள்.

அவர் நா எவ்வாறு கட்டவிழ்ந்தது? 1893இல் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவுக்குச் சென்றவர், அங்கு வாழ்ந்த இந்தியரின் இடர்களைக் கண்டு அவர்களைக் கூட்டிப் பேசினார். அதுவே அவருடைய முதற் பொதுப்பேச்சு. ஆங்கிலம் கற்க விரும்பிய முடிதிருத்துபவர் ஒருவர், குமாஸ்தா ஒருவர், சிறு கடைக்காரர் ஒருவர் ஆகிய மூவருக்கும் அவர்கள் இருப்பிடம் தேடிச் சென்று கற்பித்தார். பிறருக்குப் பயன்படும் வேலை கைக்கு வந்ததும், தம்மைப் பற்றிய அச்சம் தளர்ந்தது. ஆயினும் ஒரே நாளில் அகலவில்லை; 1896இல் இதே பம்பாயில் கூடிய பெருங்கூட்டத்தில் அவர் குரல் எழும்பாமையால், தின்ஷா வாச்சா அவருரையைப் படித்து முடித்தார்.

ஆகவே நாம் பொறுமையுடன் செய்யத்தக்கன சில உண்டு. விருந்தினர் முன் “பாடு” என வற்புறுத்துதலும், அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுதலும் ஒழிக. ஒத்த விருப்பமுடைய ஒரே ஒரு தோழனை ஞாயிறன்று வீட்டுக்கு அழைப்போம். கேரம் பலகையை எடுத்து வைத்து, சிற்றுண்டி அளித்து, நாம் விலகியிருப்போம். கீழ்வகுப்புப் பிள்ளைக்கு வாய்பாடு சொல்லிக்கொடுக்கும் பொறுப்பை அவனிடம் தருவோம். சங்க விழாவில் நாற்காலி போடவும், பரிசுகளை எடுத்துக் கொடுக்கவும் பையன்களோடு பெண்பிள்ளைகளையும் கூப்பிடுவோம். வகுப்பிற் கேலி மிகுந்தால், ஆசிரியரைத் தனியே கண்டு பேசுவோம்.

கூச்சம் குற்றமன்று. சொற்களை அளந்து பேசத் தமக்குக் கற்பித்தது அதுவே என்று காந்தியடிகள் தம் சுயசரிதையில் எழுதியுள்ளார். நம் பிள்ளைகள் அனைவரும் பேச்சாளராக வேண்டுவதில்லை. மனம்விட்டுப் பேச ஒரு தோழனேனும் இல்லாத பிள்ளை நம் காலனியில் இருத்தலாகாது. அதற்கு நாம் ஒவ்வொருவரும் பொறுப்பேற்போமாக!