மிச்சம் வைத்த வலிமை



பத்து டன் தாங்க வேண்டிய உத்திரத்தை நாற்பது டன் தாங்குமாறு எஞ்சினீயர்கள் அமைத்தால், அதனை வீண் செலவென்று நாம் கருதுவதுண்டு. ரெயில்வேயில் கணக்கெழுதியே பழகிய நமக்கு அவ்வெண்ணம் எழுவது இயல்பே.

நியூயார்க் நகரத்துப் புரூக்ளின் தொங்கு பாலத்தை நோக்குவோம். அதன் நான்கு வடங்களும் தேவைக்கு ஆறு மடங்கு வலிமை உடையனவாதல் வேண்டுமெனத் திட்டமிட்டார் தலைமை எஞ்சினீயர் ரோப்ளிங். கம்பிச் சுருள்கள் சோதிக்கப்பெற்ற பின்னரே பாலத்திற்குச் சென்றன. ஆயினும் 1878-ஆம் ஆண்டில் ஒரு சூது வெளிப்பட்டது. சோதனையில் தேறிய சுருள்களை வழியிலேயே மாற்றி, கழிக்கப்பட்டவற்றை அனுப்பி வந்திருந்தார் ஒப்பந்தக்காரர்! (சரக்குக் கொட்டகையை அறிந்த நமக்கு இது புதுக்கதையன்று.)

காற்றுக்கு இவ்வளவு, பாரத்திற்கு இவ்வளவு என்று கணக்கிடலாம். சூதுக்கு எவ்வளவு என்று யார் கணக்கிடுவர்? வடத்துள் சேர்ந்துவிட்ட கம்பியை எடுக்கவோ வழியில்லை. ஆறு மடங்கு சற்றுக் குறைந்தது. எனினும் தேவைக்கு மேற்பட்ட வலிமை எஞ்சி நின்றது. வடம் ஒன்றுக்கு 150 நல்ல கம்பிகளைக் கூடுதலாய்ச் சேர்த்து வேலையைத் தொடர்ந்தனர். 1883-இல் திறக்கப்பெற்ற அப்பாலத்தில் இன்றும் வண்டிகள் ஓடுகின்றன. அக்கள்ளக் கம்பிகளும் வடங்களுக்குள்ளேயே இருக்கின்றன.