பாதியில் நின்ற கதை

ஒரு நெடுங்கதையைப் படித்து வருகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கதைத் தலைவன் இறுதிப் போருக்குப் புறப்பட்டுவிட்டான். அடுத்த தொகுதி வந்தால் முடிவு தெரிந்துவிடும். அதற்காக ஓராண்டு, ஈராண்டு என்று காத்திருக்கிறோம். அவ்வேளையில், கதையாசிரியர் காலமானார் என்னும் செய்தி வருகிறது. அப்போது நம் நெஞ்சில் முதலில் எழுவது எது? 'ஐயோ, அவர் போய்விட்டாரே' என்னும் துயரமா? 'ஐயோ, கதை என்ன ஆவது' என்னும் கவலையா?

இவ்வினாவை நான் உங்களிடம் கேட்பதற்குக் காரணம் உண்டு. ஒன்பதாம் வகுப்பில் எங்களுக்குக் கணிதம் கற்பித்த ஆசிரியர் திடீரென்று மறைந்தார். வட்டங்களைப் பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தது. தேற்றம் ஒன்றிற்குக் கரும்பலகையில் படம் வரைந்து, 'நிரூபணத்தை நாளைக்குப் பார்ப்போம்' என்று கூறிச் சென்றவர், மறுநாள் வரவில்லை. துக்கம் விசாரித்துவிட்டுத் திரும்பும் வழியில் நான் என் தந்தையாரைப் பார்த்து, 'அப்பா, அரையாண்டுத் தேர்வுக்குள் இனிப் பாடத்தை யார் முடிப்பார்கள்?' என்று கேட்டேன். தந்தையார் நடையை நிறுத்தினார். 'இன்றைக்கு இதையா கேட்பது?' என்றார். அதற்குமேல் ஒரு சொல்லும் பேசவில்லை. அந்தக் கேள்வியை எண்ணி நான் பல காலம் நாணியதுண்டு.

இனி ஓர் அமெரிக்க எழுத்தாளரின் வரலாற்றைக் கூறுகிறேன். தென் கரோலினா மாநிலத்துச் சார்ல்ஸ்டன் நகரில் 1948-ஆம் ஆண்டில் பிறந்தவர் ஜேம்ஸ் ஆலிவர் ரிக்னி. வியட்நாம் போரில் ஹெலிகாப்டரில் துப்பாக்கி வீரராகப் பணியாற்றினார். திரும்பி வந்து பௌதிகம் பயின்று, கடற்படையில் அணுசக்திப் பொறியாளராக வேலை பார்த்தார். பின்னர் எழுத்தையே தொழிலாகக் கொண்டார். ராபர்ட் ஜோர்டன் என்பது அவர் பூண்ட புனைபெயர். உலகம் அவரை அறிவது அப்பெயராலேயே.

அவர் படைத்த பெருங்கதைக்கு 'தி வீல் ஆப் டைம்' என்று பெயர். 'காலச் சக்கரம்' என்று நாம் சொல்லலாம். மந்திர ஆற்றலும் மாய உயிர்களும் நிறைந்த ஒரு கற்பனை உலகம் அது. அவ்வுலகின் நாடுகள், குலங்கள், உடைகள், பழமொழிகள் ஆகிய அனைத்தையும் அவரே வகுத்தார். முதல் தொகுதி 1990-ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஆறு தொகுதிகளில் முடியும் என்றுதான் தொடக்கத்தில் ஒப்பந்தம் செய்யப்பட்டது. ஆனால் கதை வளர்ந்தது, கிளைத்தது. 2005-ஆம் ஆண்டில் பதினொன்றாம் தொகுதி வந்த பின்னும் முடிவு வரவில்லை. இன்னும் ஒரே ஒரு தொகுதிதான், அது எவ்வளவு பருமனாக இருந்தாலும் சரி, அதிலே முடித்துவிடுவேன் என்று அவர் உறுதி கூறினார்.

காத்திருந்த வாசகர்களில் சிலர் பொறுமை இழந்தனர். கதை நகரவில்லையே என்று கடிந்துகொண்டனர். கூட்டங்களில் அவரைக் காணும்போது, 'முடிப்பதற்குள் நீங்கள் இறந்துவிட்டால் என்ன ஆகும்?' என்று நேரிலேயே கேட்டவர்களும் உண்டு. உயிரோடு எதிரே நிற்கும் மனிதரிடம் கேட்கத் தக்க கேள்வியா அது? அவர் வேடிக்கையாகவே விடை கூறுவார். தாம் இறந்தால் கணினியில் உள்ள குறிப்புகள் ஒன்றும் மிஞ்சாதபடி அழிக்கப்படும், வேறு எவரும் தம் கதையை எழுத முடியாது என்பார்.

வேடிக்கை வினையாயிற்று. 2006-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், தமக்கு அமிலாய்டோசிஸ் என்னும் அரிய நோய் வந்திருப்பதாக 'லோகஸ்' என்னும் இதழுக்குக் கடிதம் எழுதினார். ஒரு வகைப் புரதம் இதயச் சுவர்களில் படிந்து, அதனை விறைப்பாக்கிச் செயலிழக்கச் செய்யும் நோய் அது. மருத்துவம் செய்துகொண்டே எழுதினார். ஆயினும் 2007-ஆம் ஆண்டு செப்டம்பர் 16-ஆம் நாள் அவர் காலமானார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தெட்டு.

வாசகர்கள் என்ன செய்தனர்? கண்ணீர் விட்டோர் பலர். பள்ளிப் பருவத்தில் முதல் தொகுதியைத் தொட்டவர்கள், அதற்குள் குடும்பத் தலைவர்களாகி இருந்தனர். ஓர் உறவினரை இழந்தது போன்ற துயரம் அவர்களுக்கு. 'முடிக்காமல் போய்விட்டாரே' என்று குறைப்பட்டோரும் இருந்தனர். வேறு எவரும் தொடக்கூடாது, பதினொன்றோடு நிற்கட்டும் என்றோர் ஒருபுறம். எவரேனும் முடித்தால் போதும் என்றோர் மற்றொருபுறம். துயரமும் தன்னலமும் ஒரே நெஞ்சில் பின்னிக் கிடந்தன என்பதே உண்மை. அவர்களைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. நானும் ஒருநாள் அவ்வாறு கேட்டவன்தானே!

ஆசிரியர் முடிவைக் கூறாமல் மறைந்தால் என்ன நேரும் என்பதற்குச் சார்ல்ஸ் டிக்கன்ஸ் சான்றாவார். 'எட்வின் டிரூடின் மர்மம்' என்னும் கதையைப் பாதி எழுதிய நிலையில் 1870-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அவர் மறைந்தார். டிரூடைக் கொன்றவர் யார்? கொலைதான் நடந்ததா? வாசகர்கள் ஆளுக்கொரு முடிவு கட்டினர். 1914-ஆம் ஆண்டில் லண்டனில் ஒரு பொய் நீதிமன்றமே கூட்டி, கதையில் வரும் ஜாஸ்பரைக் குற்றக் கூண்டில் ஏற்றினர். செஸ்டர்ட்டன் நீதிபதி, பெர்னார்டு ஷா ஜூரிகளின் தலைவர்! நல்ல விளையாட்டுத்தான். ஆனால் கதை இன்றும் பாதியிலேயே நிற்கிறது.

ஜோர்டன் அந்த நிலைக்குத் தம் வாசகர்களை ஆளாக்கவில்லை. மரணம் அருகில் வந்தது என்று உணர்ந்ததும், குறிப்புகளை அழிப்பேன் என்ற பேச்சை விட்டார். எழுதக் கை தளர்ந்தபோது வாயால் கதை சொன்னார். குடும்பத்தாரை அருகில் அமர்த்தி, யார் யாருக்கு என்ன நேரும் என்பதை எடுத்துரைத்தார். கடைசிக் காட்சியைத் தாமே எழுதியும் வைத்தார். தம் கதையை இன்னொருவர் முடிக்கட்டும் என்று இசைவது ஒரு படைப்பாளிக்கு எளிதா? முன்பு கேட்கத் தகாத கேள்வியைக் கேட்ட அந்த வாசகர்களுக்காகவே அவர் அதனைச் செய்தார். அங்கேதான் நான் அவருடைய பெருமையைக் காண்கிறேன்.

அவருடைய மனைவியார் ஹேரியட் மெக்டூகல், அவர் நூல்களின் பதிப்பாசிரியரும் ஆவார். கணவர் மறைந்த சில நாட்களில், பிராண்டன் சாண்டர்சன் என்னும் இளம் எழுத்தாளர் எழுதிய இரங்கற் குறிப்பு ஒன்று அவர் பார்வைக்கு வந்தது. அக்குறிப்பு அம்மையாரின் உள்ளத்தைத் தொட்டது. சாண்டர்சன் எழுதியிருந்த கதை ஒன்றையும் வாங்கிப் படித்த பிறகு, எஞ்சிய பணியை அவரிடமே ஒப்படைத்தார்.

யார் அந்தச் சாண்டர்சன்? 1990-ஆம் ஆண்டில், உங்களைப் போலப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த சிறுவர். ஜோர்டனின் முதல் தொகுதியைத் தேடி வாங்கிப் படித்த வாசகர். பணி கிடைத்ததும் அவர் உடனே பேனாவை எடுத்துவிடவில்லை. முதல் தொகுதியிலிருந்து பதினொன்றாம் தொகுதி வரை அனைத்தையும் மீண்டும் ஒருமுறை படித்தார். ஏறத்தாழ இருநூறு பக்க அளவில் இருந்த எழுத்தும் குறிப்பும் அவருக்கு வழிகாட்டின. ஜோர்டனின் நடையைப் போலி செய்யப் போவதில்லை என்றும், கதைக்கு உண்மையாக இருப்பதே தம் கடமை என்றும் கருதினார். சில பாத்திரங்களின் பேச்சு முன்போல் இல்லை என்று வாசகர்கள் கூறியபோது, அக்குறையை ஒப்புக்கொண்டார். ஒரு தொகுதி என்று எண்ணியது மூன்றாயிற்று. 2009, 2010, 2013 ஆகிய ஆண்டுகளில் அவை வெளிவந்தன. மூன்றன் அட்டையிலும் ஜோர்டனின் பெயரே முதலில் நின்றது. பதினான்காம் தொகுதியின் கடைசிக் காட்சி, ஜோர்டன் எழுதி வைத்ததே. இருபத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின் கதை முடிந்தது.

மாணவ நண்பர்களே, இவ்வரலாற்றிலிருந்து நான் கண்டது ஒன்று. பாதியில் நிற்கும் பணியைக் கண்டு நாம் இருவகையாகக் கேட்கலாம். 'எனக்குச் சேர வேண்டியது என்ன ஆயிற்று?' என்பது ஒருவகை. 'இதற்கு நான் செய்யத் தக்கது என்ன?' என்பது மற்றொருவகை. முதற் கேள்வி இயல்பானது. அது வருவதில் பாவம் இல்லை. ஆனால் அதனோடு நின்றுவிடுவது அழகன்று. அன்பு உண்மையானால், அது முதற் கேள்வியிலிருந்து இரண்டாம் கேள்விக்கு நம்மைக் கைப்பிடித்து அழைத்துச் செல்லும். எல்லா வாசகரும் நூலை எழுதி முடிக்க இயலாது. ஆனால் படித்ததைக் கவனமாகப் படிக்கலாம், நினைவில் வைக்கலாம், பின்வருவோருக்குச் சொல்லலாம். அதுவும் பணியே.

எங்கள் கணித வகுப்பிற்குப் பத்து நாட்கள் கழித்து ஒரு புதிய ஆசிரியர் வந்தார். அவர் புதிய பாடம் எதையும் தொடங்கவில்லை. 'உங்கள் ஆசிரியர் எதுவரை நடத்தினார்? ஏட்டைப் பார்த்துச் சொல்லுங்கள்' என்றார். ஒவ்வொருவராக எழுந்து படித்தோம். அவர் நாற்காலியில் அமர்ந்து, தாமும் ஒரு மாணவரைப் போல் முழுவதையும் கேட்டார். பிறகு எழுந்து, மறைந்த ஆசிரியர் வரைந்த அதே படத்தை அதே எழுத்துக் குறிகளோடு கரும்பலகையில் வரைந்தார். அதன் கீழே நிரூபணத்தை எழுதத் தொடங்கினார்.

நான் ஆசிரியன் ஆக வேண்டும் என்று விரும்பியது அன்றுதான்.