பழைய ஆயில் எங்கே போகுது?

2023 டிசம்பர். மிக்ஜாம் புயல் மழையில் சென்னை மிதந்த நேரம். மணலி எண்ணெய் ஆலைப் பகுதியிலிருந்து வெள்ளத்தோடு வந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் கழிமுகத்தில் பரவியது. படகு, வலை எல்லாம் கறுப்பு. மீனவர்கள் குவளையையும் வாளியையும் வைத்து அள்ளினார்கள். கூழைக்கடாக்களின் வெள்ளை இறகில் கரும்பிசுக்கு. இறகு ஒட்டிப்போனால் பறவை நனையும், குளிரில் நடுங்கும், பறக்க முடியாது.

நடுக்கடலில் எண்ணெய் சிந்தினால் அலை அடித்துச் சிதறடிக்கும். கழிமுகத்தில் அப்படியில்லை. ஓதம் ஏறும்போது உள்ளே வரும். வற்றும்போது சேற்றில் படியும். சேற்றுக்குள் காற்று கிடையாது. எண்ணெயைத் தின்னும் நுண்ணுயிர்கள் அங்கே மெல்லத்தான் வேலை செய்யும். அதனால் வருடக்கணக்கில் தங்கிவிடும். அலையாத்தி மரங்களின் மூச்சு வேர்களையும் அடைத்துவிடும்.

நம் மதுரைக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? வைகை பெருகினால், ராமநாதபுரம் பெரிய கண்மாய்க்குப் போனது போக மிச்சம் ஆற்றங்கரை ஊர்ப் பக்கம் கடலில்தான் சேரும். மதுரைச் சாக்கடையில் ஊற்றுகிற ஆயிலும் அதோடு போகும். வண்டியில் வடிக்கிற பழைய ஆயிலை அபாயகரமான கழிவு என்றே 2016-ஆம் ஆண்டு கழிவு மேலாண்மை விதிகள் சொல்கின்றன. சாக்கடையில் ஊற்றக் கூடாது. கேனில் சேர்த்து, அனுமதி பெற்றவர்களிடம் கொடுத்தால் சுத்திகரித்து மீண்டும் ஆயிலாக்கலாம்.

சர்வீஸுக்கு வண்டியை விடும்போது, "எவ்வளவு ஆகும்?" என்று கேட்கிறோம். "பழைய ஆயில் எங்கே போகும்?" என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.