பாலில் புரதம் குறைகிறதா? அளவையையும் பாருங்கள்



சங்கத்தில் பால் ஊற்றியதும் கையில் ஒரு சீட்டு தருகிறார்கள். அதில் கொழுப்பு, எஸ்.என்.எப்., சில இடங்களில் புரதம் என்று எண்கள் இருக்கும். புரதம் 2.9 என்று வந்துவிட்டால் மறுநாளே ஒரு மூட்டை கடலைப் பிண்ணாக்கு வாங்கி வருவோர் உண்டு. செயலர் ஏமாற்றுகிறார் என்று சண்டைக்குப் போவோரும் உண்டு. நல்ல பசுவைச் சந்தைக்கு ஓட்டிவிட்டவர்களும் இருக்கிறார்கள். இவற்றில் எதையும் செய்வதற்கு முன், அந்த எண் சரிதானா, அது எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். அதைப் பற்றியே இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன்.

எஸ்.என்.எப். என்பது பாலில் தண்ணீரையும் கொழுப்பையும் நீக்கிய பின் எஞ்சும் சத்துகள். பசும்பாலில் ஏறத்தாழ 3.2 சதம் புரதம், 4.7 சதம் பால் சர்க்கரை, 0.7 சதம் தாது உப்புகள். கூட்டினால் 8.6. நம் சங்கங்களில் புரதத்திற்கென்று தனி விலை இல்லை. கொழுப்புக்கும் எஸ்.என்.எப்.புக்கும்தான் விலை. ஆனால் நோயில்லாத மாட்டில் சர்க்கரையும் உப்பும் அதிகம் மாறுவதில்லை. ஆகவே உண்மையிலேயே எஸ்.என்.எப். இறங்கினால், இறங்கியது பெரும்பாலும் புரதமே.

'உண்மையிலேயே' என்று சொன்னதைக் கவனியுங்கள். சங்கங்களில் உள்ள மின்னணுக் கருவிகளில் பெரும்பாலானவை பாலுக்குள் ஒலி அலையைச் செலுத்தி, அது செல்லும் வேகத்தைக் கொண்டு கொழுப்பையும் எஸ்.என்.எப்.பையும் கணக்கிடுபவை. புரத எண்ணை அவை தனியாக அளப்பதில்லை. எஸ்.என்.எப்.பிலிருந்து ஒரு விகிதப்படி கணக்குப் போட்டுக் காட்டுகின்றன. எஸ்.என்.எப். 8.0 என்றால் புரதம் 2.9 என்று தானாகவே வந்துவிடும். எனவே அந்த எண்ணை மட்டும் பார்த்துத் தீவனத்தை மாற்றுவது வீண் செலவு.

லாக்டோமீட்டர் வைத்துப் பார்க்கும் சங்கங்களில் கணக்கு இன்னும் எளிது. லாக்டோமீட்டர் டிகிரியை நான்கால் வகுத்து, கொழுப்பில் ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டி, அதோடு ஒரு மாறாத எண்ணைச் சேர்ப்பார்கள். அந்த எண் லாக்டோமீட்டரின் வகையைப் பொறுத்தது. 0.36 என்று வைத்துக் கொள்வோம். டிகிரி 28, கொழுப்பு 4 என்றால், 7 + 0.8 + 0.36 = 8.16. அதே பாலில் டிகிரியை 27 என்று படித்துவிட்டால் 7.91. ஒரு டிகிரி தவறினால் கால் சதம் போய்விடுகிறது. விலைப் பட்டியலில் கால் சதம் என்ன செய்யும் என்பது உங்களுக்குத் தெரியும்.

ஒரு டிகிரி தவறுவதற்கு யாரும் ஏமாற்ற வேண்டியதில்லை. கறந்த உடனே பாலில் காற்றுக் குமிழ்கள் நிறைந்திருக்கும். கொழுப்பும் இளகிய நிலையில் இருக்கும். அப்போது லாக்டோமீட்டர் கூடுதலாக அமிழும். டிகிரி குறைவாகத் தெரியும். சில மணி நேரம் கழித்து அதே பாலைப் பார்த்தால் ஏறக்குறைய ஒரு டிகிரி வரை கூடியிருக்கும். இதற்காகத்தான் ஆய்வுக்கூடத்தில் பாலை 40 பாகை செல்சியஸ் வரை சூடாக்கி, பின் 27 பாகைக்கு ஆறவைத்துப் பார்க்கிறார்கள். சூடும் அப்படித்தான். 27 பாகைக்கென்று செய்த லாக்டோமீட்டரை மடிச்சூடு ஆறாத பாலில் விட்டு, திருத்தம் போடாமல் எழுதினால் எண் குறைந்தே வரும். 60 பாகை பாரன்ஹீட்டுக்கென்று செய்த பழைய வகையில், ஒவ்வொரு பாகை கூடுதலுக்கும் 0.1 டிகிரி சேர்க்க வேண்டும். உங்கள் சங்கத்துக் கருவி எந்த வகை, வெப்பமானி இருக்கிறதா என்று கேட்பதில் தவறில்லை. லாக்டோமீட்டரின் தண்டில் பால் ஆடை ஒட்டியிருக்கக் கூடாது. குடுவையின் பக்கச் சுவரில் அது உரசக் கூடாது. கண் மட்டத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

நம் பக்கத்துக் குறை ஒன்றும் உண்டு. கேனை அலசிவிட்டுக் கவிழ்த்து வைக்காமல் அப்படியே பாலை ஊற்றுகிறோம். 5 லிட்டர் பாலில் 100 மில்லி அலசிய நீர் தங்கினால், 8.5 இருந்த எஸ்.என்.எப். 8.33 ஆகிவிடும். வீட்டுப் பெண்கள் எவ்வளவு நாணயமாகக் கறந்தாலும் சீட்டில் 'தண்ணீர் கலந்த பால்' என்று வந்துவிடுகிறது. மேலும், நின்ற பாலில் கொழுப்பு மேலே ஏறிவிடும். கலக்காமல் மேலாக எடுத்த மாதிரி, அந்தக் கேனில் உள்ள பாலைக் காட்டாது.

மின்னணுக் கருவியிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. பசும்பாலுக்கும் எருமைப் பாலுக்கும் அதில் தனித்தனி அளவீடு. மாற்றி அழுத்தினால் எண் மாறும். நுரையோ லேசான புளிப்போ இருந்தாலும் தவறும். தினமும் கழுவாவிட்டால் உள்ளே படிவு ஏறும். அவ்வப்போது ஆய்வுக்கூட முடிவோடு ஒப்பிட்டுச் சரி செய்ய வேண்டும். நல்ல நிலையில் உள்ள கருவியிலும் 0.1 முதல் 0.2 வரை முன்பின் இருப்பது இயல்பே. அதற்காகச் சண்டை வேண்டாம்.

அப்படியானால் குறை மாட்டிலா, அளவையிலா என்று எப்படிக் கண்டுகொள்வது? கொழுப்பு காலைக்கும் மாலைக்கும் தாராளமாக மாறும். புரதம் அப்படியல்ல, அது மெல்ல, நாட்கணக்கில், வாரக்கணக்கில்தான் மாறும். காலையில் 8.5, மாலையில் 8.0 என்று வந்தால் முதலில் அளவையையும் கேனையும் சந்தேகியுங்கள். ஊரில் பலருக்கும் ஒரே நாளில் இறங்கியிருந்தால் கருவியைப் பார்க்கச் சொல்லுங்கள். உங்களுக்கு மட்டும் இரண்டு மூன்று வாரமாகப் படிப்படியாக இறங்கினால், அது மாட்டின் பேச்சு.

சந்தேகம் தீர ஒரு வழி உண்டு. பாலை நன்றாகக் கலந்து ஒரே மாதிரியை இரண்டு சுத்தமான, உலர்ந்த புட்டிகளில் எடுங்கள். செயலர் முன்னிலையில் இரண்டையும் சற்று இடைவெளி விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டும் ஒத்து வராவிட்டால் கருவியில் கோளாறு. ஒத்து வந்தும் ஐயம் இருந்தால், இன்னொரு மாதிரியைப் பனிக்கட்டியில் வைத்து அன்றே ஒன்றியத்தின் ஆய்வுக்கூடத்திற்குக் கொடுத்து அனுப்பலாம். இதைக் குற்றம் சாட்டுவது போலச் செய்யாமல், உதவி கேட்பது போலச் செய்தால் வேலை நடக்கும்.

குறை மாட்டில்தான் என்று தெரிந்தால், முதலில் கன்று ஈன்ற நாளைக் கணக்கிடுங்கள். ஈன்ற இரண்டாம் மாதத்தை ஒட்டிப் பால் உச்சத்தில் இருக்கும்போது புரதம் தாழ்ந்தே இருக்கும். கறவை முடியும் காலத்தில் ஏறும். பிரீசியன் கலப்பு மாட்டில் ஜெர்சிக் கலப்பைவிடப் புரதம் குறைவு. அது இனத்தின் இயல்பு. கோடையிலும் குறையும். நிழலும் நிறையத் தண்ணீரும் கொடுத்து, தீவனத்தை விடியலிலும் இரவிலும் வைத்தால் ஓரளவு தடுக்கலாம். ஒரே காம்பில் திரிதிரியாகவோ நீர்த்தோ பால் வந்தால் அது மடிநோய். உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

இவை எதுவும் இல்லையென்றால் தீவனம்தான். புரதம் குறைந்தால் பிண்ணாக்கைக் கூட்ட வேண்டும் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் பெரும்பாலும் குறைவது எரிசக்தி. பசுவுக்குக் கிடைக்கும் புரதத்தில் பெரும்பகுதி, அதன் முதல் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்குவது. அவற்றுக்குப் பிண்ணாக்கோடு மாவுச்சத்தும் வேண்டும். வைக்கோலும் பிண்ணாக்கும் மட்டும் போட்டால், பிண்ணாக்கின் சத்து அமோனியாவாகி, ஈரலில் யூரியாவாக மாறி, மூத்திரத்தோடு சாக்கடைக்குப் போகும்.

உடலைப் பேணக் கலப்புத் தீவனம் ஒன்றரை கிலோ; அதற்கு மேல் ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ. 8 லிட்டர் கறக்கும் பசுவுக்கு ஏறத்தாழ நாலரை முதல் ஐந்து கிலோ ஆகிறது. அதில் மக்காச்சோளமோ கம்போ நல்ல பங்கு இருக்கட்டும். கம்பு நேப்பியர் புல்லோடு வேலிமசால் கலந்து போட்டால் பிண்ணாக்குச் செலவு குறையும். எண்ணெய் மிகுந்த தவிட்டை அள்ளிப் போடாதீர்கள். அது புரதத்தை இன்னும் தாழ்த்தும். மாவுச்சத்து நல்லது என்று குடம் குடமாகக் கஞ்சி ஊற்றவும் வேண்டாம். மாட்டுப் பொங்கலன்று பொங்கலை அளவின்றி ஊட்டி, மறுநாள் வயிறு புளித்து மாடு சாய்ந்துவிடுவதை மருத்துவர்கள் ஆண்டுதோறும் பார்க்கிறார்கள். எந்த மாற்றத்தையும் பத்து நாட்களில் சிறிது சிறிதாகச் செய்யுங்கள்.

எண்ணை உயர்த்தச் சர்க்கரை, உப்பு, யூரியா என்று எதையாவது கலக்கச் சொல்வோர் பேச்சைக் கேட்காதீர்கள். ஆய்வுக்கூடங்களில் புரதத்தை நைட்ரஜனின் அளவைக் கொண்டு கணக்கிடும் முறை உண்டு. அதை ஏமாற்ற, நைட்ரஜன் மிகுந்த மெலமின் என்ற இரசாயனத்தைப் பாலில் கலந்தார்கள். 2008ஆம் ஆண்டு சீனாவில் இதனால் ஆறு குழந்தைகள் இறந்தன. ஏறத்தாழ மூன்று இலட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டன.

தீவனத்தை மாற்றிய பின் இரண்டு மூன்று வாரம் பொறுத்திருந்து பாருங்கள். அதுவரை தினச் சீட்டுகளைக் கம்பியில் குத்தி வைக்காமல், ஒரு நோட்டில் காலை, மாலை என இரண்டு வரிசையாக எழுதி வாருங்கள். பக்கத்தில் என்ன தீவனம் போட்டீர்கள், வெயில் எப்படி என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவரிடமோ ஒன்றியத்திடமோ போகும்போது அந்த நோட்டையும் கொண்டு போங்கள்.